சின்ன வயதில் வந்த அந்த உணர்வு: சாமியா, வளர்ப்பா?

#1 மேட்டாங்காடு

காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். பெயர் வேண்டாம், சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இங்கே படிக்கிறார்கள்.

எங்கள் ஊரில் அண்ணமார் கோயில் உண்டு. மாசியில் அண்ணமார் என்று கும்பிடுகிற பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுவார்கள். கடைசியில் படுகளம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அண்ணமார் மாண்டு விழும் கட்டத்தைப் பாடும்போது கூட்டத்தில் சில ஆண்கள் அருள் வந்து கட்டையாகச் சாய்வார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அப்புறம் அண்ணமாரின் தங்கை தங்காளாக நிற்கிற பெண் தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவாள்.

எனக்கு ஐந்து வயது இருக்கும். அந்த வருடம் விழுந்தவர்களில் எங்கப்பாவும் ஒருவர். துணிக்கு வெளியே அவர் பாதம் தெரிந்தது. குதிகால் வெடிப்பில் செம்மண் ஏறிய பாதம், எனக்கு நன்றாகத் தெரிந்த பாதம், அசையவே இல்லை. ஆத்தா என் தலையை மடியோடு அணைத்துக்கொண்டு, "அழுவாத கண்ணு, தங்கா வந்துருவா" என்றாள். நான் அழவில்லை. பயந்தேன் என்றும் சொல்ல முடியாது. உடுக்கை நின்றிருந்தது. யாரோ என்னைப் பார்ப்பது போலவும் அவருக்கு என்னை ரொம்ப நாளாகத் தெரியும் என்பது போலவும் இருந்தது. அந்த யாரோ அப்பா இல்லை, ஆத்தாவும் இல்லை.

இப்போது எனக்கு நாற்பதை நெருங்குகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கோயமுத்தூரில் கல்லூரி படித்த காலத்தில் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது. யாரோடும் சண்டை போட்டு விடவில்லை. ஒருநாள் பார்த்தால் இல்லை. ஆனால் அந்த இரவு மட்டும் போகவில்லை. சாமி இல்லை என்று ஆன பிறகும் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த ஒரே இரவில்தான் மற்றதையும் கற்றுக்கொண்டேன். யார் எங்கே உட்கார வேண்டும், எந்தப் பெண் எப்போது வரக்கூடாது, கேள்வி கேட்டால் கண் போய்விடும், எல்லாம். மகளுக்கு இப்போது ஐந்து வயது. இந்த மாசிக்கு அவளைக் கூட்டி வரச் சொல்கிறார் அப்பா. முதலாவது கிடைக்க வேண்டும், இரண்டாவது வேண்டாம் என்று நினைக்கிறேன். அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியுமா? இதே மாதிரி உணர்வு வந்து, பிறகு வளர்ந்த விதத்தையே சந்தேகப்பட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

#2 சும்மா வந்தவன்

கும்பிட்டால் நல்லது. பிடிக்காவிட்டால் கும்பிட வேண்டாம். இதற்கு ஒரு இழையா? ஐந்து வயதில் பார்த்ததை நாற்பதில் நோண்டுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

#3 ஓய்வு வாத்தியார்

தம்பி மேட்டாங்காடு, நல்ல கேள்வி. #2 சொல்வதைக் கண்டுகொள்ளாதீங்க, அவர் எல்லா இழையிலும் இதையேதான் எழுதுவார்.

அந்தக் கதையைப் பற்றி ஒன்று. 1965ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அம்மையார் உங்கள் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து அண்ணமார் கதை முழுவதையும் பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்தார். அறுபது வருடம் முன்னால் ஒரு வெளிநாட்டுப் பெண் உட்கார்ந்து கேட்டு எழுதுகிற அளவுக்குச் சரக்கு உள்ள விஷயத்துக்கு நடுவில் பிறந்திருக்கிறீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை அதிராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் எனக்கு வந்தது கோயிலில் இல்லை. தாராபுரம் பக்கம் எங்கள் காட்டில் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்தேன். உச்சிப் பொழுது. ஆறேழு வயது. காத்து அப்படியே நின்றுவிட்டது. பனையோலைச் சத்தம் நின்றுபோனது, ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. அந்த ஒரு நிமிஷம், காடு, ஆடு, நான் எல்லாம் ஒரே ஆள் மாதிரி இருந்தது. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை, முப்பது வருஷம் தமிழ் நடத்தியும். பக்கத்தில் உடுக்கை இல்லை, விபூதி இல்லை, பெரியவர் யாரும் இல்லை. வளர்ப்பு எங்கே வந்தது?

வளர்ப்பு பொழுதோட வந்தது. வீட்டில் சொன்னதும் ஆத்தா, "கன்னிமாரு போயிருப்பாங்க, இனி உச்சிப் பொழுதுல அந்தப் பக்கம் போவாத" என்று வேப்பிலை எடுத்து அடித்துவிட்டாள். நல்லதாக வந்த ஒன்றைப் பயமாக மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆத்தா மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான். ஆனாலும் அதற்கப்புறம் அந்த மாதிரி எனக்கு வரவே இல்லை. உச்சிப் பொழுதென்றால் பயந்து வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

ஆகவே என் கட்சி: உணர்வு முதலில், வளர்ப்பு பின்னால்.

#4 நிழல்மரம்

கோவையில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். வாத்தியார் ஐயாவோடு பாதி ஒத்துப்போகிறேன்.

பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் 1920களிலேயே கவனித்து எழுதியது: சின்னக் குழந்தைகள் நிலா தங்கள் பின்னாலேயே வருகிறது என்று நம்புவார்கள். காற்றுக்கு, மேகத்துக்கு, ஆற்றுக்கு எல்லாம் உயிரும் எண்ணமும் இருப்பதாக நினைப்பார்கள். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெபோரா கெலமன் என்ற ஆய்வாளர் குழந்தைகளிடம், ஒரு பாறை ஏன் கூராக இருக்கிறது என்று கேட்டார். துகள்கள் சேர்ந்து சேர்ந்து அப்படி ஆனது என்ற விடையைவிட, அரிப்பெடுத்தால் விலங்குகள் உரசிக்கொள்வதற்காக என்ற விடையைத்தான் பிள்ளைகள் விரும்பி எடுத்தார்கள். எதற்கும் ஒரு நோக்கம், நோக்கத்துக்குப் பின்னால் ஒரு ஆள். குழந்தை மனம் தானாகவே அங்கேதான் போய் நிற்கிறது. அது எந்த ஆள், முருகனா இயேசுவா கன்னிமாரா என்பதைத்தான் வீடு சொல்லித் தருகிறது.

இனி ஒத்துப்போகாத பாதி. 1969ல் ஆக்ஸ்போர்டில் அலிஸ்டர் ஹார்டி என்ற விலங்கியல் அறிஞர் (கடல் உயிரிகளை ஆராய்ந்தவர்) ஒரு ஆய்வுக் குழு தொடங்கி, இப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் எழுதி அனுப்பலாம் என்றார். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. அதில் பலர் எழுதியது சின்ன வயதில் நடந்ததை. தோட்டத்தில், வயலில், தனியாக இருந்தபோது வந்தது என்று. வாத்தியார் ஐயா அனுப்பியிருந்தால் அந்தக் கட்டில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆனால் எழுதியவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் நினைவு கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. "காடு, ஆடு, நான் எல்லாம் ஒரே ஆள்" என்பது ஆறு வயதுப் பையனின் வாக்கியமா, தமிழ் வாத்தியாரின் வாக்கியமா?

உணர்வு வந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. முதலில் வந்தது எது என்று அறுத்துச் சொல்ல முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

#5 ஓய்வு வாத்தியார்

அம்மணி, வாக்கியம் வாத்தியாருடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். காத்து நின்றது பையனுடையது.

பாறை சமாச்சாரத்துக்கு ஒரு உபரித் தகவல். நம்ம பக்கத்தில் மாடு உரசிக்கொள்ள உண்மையிலேயே கல் நட்டு வைத்திருக்கிறார்கள். ஆவுரிஞ்சிக் கல் என்பார்கள். குளத்து மேட்டில் நிற்கும். முப்பத்திரண்டு அறத்தில் அதுவும் ஒன்று. எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் கெலமன் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், பிள்ளை கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னது என்று ஆகியிருக்கும். ஆய்வு பாழ்.

சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். யாராவது ஒரு பக்தர் கனவில் சாமி ஒரு பொருளைச் சொல்லும். அவர் வந்து சொன்னால், பூக் கேட்டுப் பார்த்து உத்தரவானால்தான் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை ஊரே அதைப் பற்றிப் பேசும். வளர்ந்த மனுஷன் கனவுக்கு இவ்வளவு மரியாதை, விசாரணை. ஆறு வயதுப் பையன் பட்டப்பகலில் முழித்துக்கொண்டு பார்த்ததற்கு வேப்பிலை அடி. இதுதான் என் மனத்தாங்கல்.

#6 கருங்கல்பாளையம்

எல்லாரும் சாமி வீட்டிலிருந்து வந்தவர்களாகவே பேசுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம்.

ஈரோடு. தாத்தா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது, காதுகுத்து கிடையாது, யார் நெற்றியிலும் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பொங்கல் கட்டுரையில் சூரிய பகவான் என்று எழுதிவிட்டேன் என்று அப்பா உட்கார வைத்துச் சூரியனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நல்ல மனிதர். ஒருநாளும் கை நீட்டியதில்லை.

ஏழு வயதில் பள்ளித் தோழி வீட்டாரோடு ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்குப் போனேன், வீட்டில் சொல்லாமல். தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. தோழியின் அம்மாயி என் கையில் ஒரு வெற்றிலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தி ஆற்றில் விடச் சொன்னார். அது சுழித்துக்கொண்டு போனது. படியில் இருந்த அத்தனை பெண்களும் அவரவர் விட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சோகம் இல்லை. இத்தனை நாள் எனக்கு யாரும் இதைக் காட்டவில்லையே என்று இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். கூட்டத்தில் இருந்தால் மனம் எப்படி இளகும், தீயும் தண்ணீரும் கண்ணை எப்படி இழுக்கும் என்று விளக்கினார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, இன்றைக்கும் அவர் பக்கம்தான் நான். ஆனால் நான் விளக்கம் கேட்கவில்லை.

வளர்ந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். பெரியார் பிறந்தது பக்தி வீடு. பாகவதர்களும் பண்டிதர்களும் வந்து போன வீடு. அவர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டு வளர்ந்தவர். ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராகவும் இருந்தார். 1904ல் காசி வரைக்கும் போய்ப் பார்த்தார். அதாவது உள்ளே இருந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து வெளியே வந்தவர். தாத்தாவும் அப்படித்தான், பழனிக்கு நடந்தே போனவர். நானும் அப்பாவும் வெளியிலேயே பிறந்தோம். கேள்வி கேள் என்பதே எங்கள் வீட்டுப் பாடம். அந்தப் பாடத்தை மட்டும் கேள்வி கேட்க முடியாது.

பாரதி தன் கடைசி நாட்களில், 1921ல், எங்கள் கருங்கல்பாளையம் நூலகத்தில் பேசினார். தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. தாத்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "பேசிட்டுப் போயி ரெண்டு மாசம் ஆவறதுக்குள்ள செத்துப்போனாரு, பாவம்." நானும் சேர்ந்து சிரிப்பேன். மனசுக்குள் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று இருக்கும்.

மேட்டாங்காடு அண்ணா, மகளிடம் எதையும் மறைத்து வளர்க்காதீர்கள். மறைத்தாலும் யாராவது ஒரு அம்மாயி கையில் வெற்றிலையைக் கொடுத்துவிடுவார்.

#7 தப்பட்டை

நான்கு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

பெருந்துறைப் பக்கம். அருந்ததியர். எங்கப்பா மோளக்காரர். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டதிலிருந்து பிடுங்குகிற வரை ராத்திரி ராத்திரி கம்பத்தாட்டம். ஆட்டத்துக்கு அடிப்பது எங்க ஆட்கள். சோளத்தட்டைப் போட்டுத் தீ மூட்டித் தப்பட்டையைக் காய்ச்சுவார்கள். தோல் சூடேறும் வாசனை, ஒரு விரலால் சுண்டிப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் காட்டு என்பது. தீப்பக்கம் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பேன். அடி ஏற ஏற அது காதில் கேட்காது, வயிற்றில் கேட்கும். அப்பா அப்போது எங்கப்பாவாகவே இருக்க மாட்டார். மேட்டாங்காடு எழுதியது எனக்கு நன்றாகப் புரிகிறது. யாரோ பார்க்கிறார்கள், அவர்களுக்கு நம்மைத் தெரியும். எனக்கும் அதே மாதிரிதான்.

ஒரு வருடம் அந்த அடியில் எனக்கு உடம்பு ஆட ஆரம்பித்தது. எட்டு வயது. கண் இருட்டியது, கால் தானாகப் போகிறது. எங்கப்பா அடிப்பதை விட்டுவிட்டு ஓடி வந்து கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். "இங்க ஆடக்கூடாது." அவ்வளவுதான். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து அடித்தார். அந்தப் பக்கம் அதே அடிக்கு ஒருத்தருக்கு அருள் வந்து, அவர் காலில் எல்லாரும் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு வந்தது சாமி. எனக்கு வந்தது என்ன?

ஆலயப் பிரவேசச் சட்டம் 1947லேயே வந்துவிட்டது, படித்திருக்கிறேன். ஊரில் கேட்டால் இது பொதுக்கோயில் இல்லை, எங்கள் குலக் கூட்டத்துக் கோயில் என்பார்கள். நோம்பிக்கு வரி வாங்க மட்டும் எல்லாருக்கும் பொது.

அண்ணமார் கதையிலேயே சாம்புவன் இருக்கிறான், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அவர்களுடைய உதவியாள். அவன் இல்லாமல் அண்ணமார் எந்தச் சண்டைக்கும் போவதில்லை, கூடவே நின்று சாகிறான். நீங்கள் சொல்கிற படுகளத்தில், மேட்டாங்காடு, சாம்புவனாக விழுகிறவர் யார்? அவரை எழுப்புகிறது யார்?

#8 சும்மா வந்தவன்

ஆன்மிகம் பேசுகிற இடத்திலும் சாதியைக் கொண்டுவந்தாச்சா. இப்பல்லாம் யாருங்க பார்க்கிறாங்க.

#9 நெறியாளர்

#8க்கு வந்த பதில்களில் ஆறு நீக்கப்பட்டன. சும்மா வந்தவன், ஒரு வாரம் ஓய்வெடுங்கள். தப்பட்டையின் கேள்விக்கு இழையைத் தொடங்கியவர் பதில் சொல்லட்டும், மற்றவர்கள் குறுக்கே விழ வேண்டாம்.

#10 மேட்டாங்காடு

தப்பட்டை, உங்கள் கேள்வியை அப்படியே அப்பாவிடம் கேட்டேன். நேற்று இரவு, போனில்.

கொட்டுக்காரர்கள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டேன். "வெளியில, வேம்புக்கு அக்கட்ட" என்றார். அவர்கள் இல்லாமல் படுகளம் நடக்குமா? "அதெப்படி நடக்கும், கொட்டு இல்லாம சாமி எப்படி வரும்?" அப்படியானால் ஏன் உள்ளே வருவதில்லை? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது அப்படித்தான் இருக்குது" என்றார். சாம்புவனாக யார் விழுகிறார் என்றேன். எங்கள் ஊரில் சாம்புவனாக யாரும் விழுவதில்லையாம். பாட்டில் வரும், களத்தில் இல்லை. இதை எழுபது வயதில் அவரும் என்னோடு சேர்ந்துதான் கவனித்தார் என்று நினைக்கிறேன். "இதையேன் இப்பக் கேக்கற?" என்றார், கோபமில்லாமல்.

இன்னொன்றும் கேட்டேன், இத்தனை வருடமாகக் கேட்காதது. விழும்போது தெரியுமா, சும்மா விழுகிறீர்களா? "கொட்டு கேக்கும். அப்புறம் அது கேக்காது. அப்புறம் உங்காத்தா அழுவறது கேக்கும். அப்பத்தான் நாம கெடக்கறோம்னு தெரியும்." நடிப்பா என்று கேட்க வாய் வரவில்லை. இந்த மூன்று வரிக்குப் பிறகு அது அற்பமான கேள்வியாகத் தெரிந்தது.

உங்களுக்கு வந்தது என்ன என்று கேட்டீர்கள். எனக்கு வந்ததே அதுவும். எனக்கு அதற்கு மடி கிடைத்தது.

#11 தப்பட்டை

சரி. அப்பாவிடம் கேட்டதற்கு நன்றி. "அது அப்படித்தான் இருக்குது" என்பதை எங்கப்பாவும் அதே வார்த்தையில்தான் சொல்வார்.

நான் இப்போது நோம்பிக்கு ஊருக்குப் போவதில்லை. ஆனால் தப்பட்டை அடிப்பேன், கோவையில் ஒரு குழுவோடு, மேடையில். பெண்களும் அடிக்கிறார்கள். எட்டு வயதில் வயிற்றில் கேட்டது சில நாள் வருகிறது, பல நாள் வருவதில்லை. வந்தால் ஆடுகிறேன்.

#12 மூன்றாவது பெஞ்சு

கோபி. பெந்தெகொஸ்தே வீடு. எங்கள் சபை வாய்க்கால் ஓரம் தகரக் கொட்டகை. மழை வந்தால் பாஸ்டர் குரல் கேட்காது, எல்லாரும் அவரவர் பாட்டுக்குச் சத்தமாக ஜெபிப்பார்கள். அந்தத் தகரச் சத்தமும் ஜெபச் சத்தமும் கலந்து வரும்போது எனக்குக் கண்ணீர் வரும். அவ்வளவு சந்தோஷமாக வாழ்க்கையில் வேறெங்கும் இருந்ததில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்தது எழுதினால் நன்றிகெட்டவள் என்று தோன்றும் என்பதால்.

அடுத்தது இரகசிய வருகை. எங்கள் சபைகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எக்காளம் ஊதும், ஆண்டவர் தம்முடையவர்களை ஒரு நொடியில் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். பாவம் அறிக்கையிடாமல் தூங்கினால் காலையில் அம்மா இருக்க மாட்டார். எனக்கு இதை ஆறு வயதில் சொன்னார்கள், படம் போட்டு.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு திறந்து கிடந்தது, அம்மா இல்லை. ஃபேன் ஓடுகிறது. அரிந்து பாதியில் விட்ட வெங்காயம் அரிவாள்மணையிலேயே இருந்தது. எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர், அவர் இருப்பதால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. எனக்கு ஒரு விசுவாசி வேண்டும். புத்தகப் பையோடு இரண்டு தெரு ஓடி, சபைக்கு வருகிற தையல்கார அண்ணன் கடையில் மெஷின் சத்தம் கேட்டதும்தான் மூச்சு வந்தது. அப்புறம்தான் அவர் வட்டிக்கு விடுகிறவர் என்பது ஞாபகம் வந்து திரும்பவும் அழுதேன்.

அம்மா வெல்லம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

பெரியவளான பிறகு படித்தேன். இந்தப் போதனையை இப்போது எங்களுக்குச் சொல்கிற வடிவத்தில் பரப்பியவர் டார்பி என்ற போதகர், 1830களில், அயர்லாந்திலும் இங்கிலாந்திலும். அதற்கு முன்னால் இத்தனை நூற்றாண்டு இருந்த சபைகள் இதை இப்படிப் போதிக்கவில்லை. எங்கேயோ ஒருத்தர் போட்ட கணக்குக்கு கோபியில் ஒரு பிள்ளை ராத்திரி எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. சபைக்குப் போவதை விட்டுவிட்டேன். தகரத்தில் மழை விழுந்தால் மட்டும் ஏதோ செய்கிறது.

#13 நிழல்மரம்

மூன்றாவது பெஞ்சு, என்னிடம் வருகிற பிள்ளைகளில் எல்லா மதத்து வீட்டிலிருந்தும் இந்தப் பயத்தோடு வருகிறவர்கள் உண்டு. ஏழெட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு உவமையாகச் சொல்வதும் நேராகச் சொல்வதும் ஒன்றுதான். "சாமி கண்ணைக் குத்தும்" என்றால் குத்துகிற விரலைத்தான் நினைப்பார்கள்.

மேட்டாங்காடு, நீங்கள் கேட்ட நடைமுறைக் கேள்விக்கு யாரும் பதிலே சொல்லவில்லை. மகளைக் கூட்டிப் போவதாக இருந்தால் என்ன நடக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தாத்தா விழுவார், எழுவார் என்று தெரிந்திருக்கட்டும். நடு ராத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், யார் என்ன சொன்னாலும். மறுநாள் "என்ன பார்த்தே?" என்று மட்டும் கேளுங்கள். இது சாமி என்றோ இது மூளை செய்கிற வேலை என்றோ நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். கொட்டுக்காரர்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று அவளாகவே கேட்டால், அதற்கு மட்டும் நேரான பதிலைத் தயாராக வைத்திருங்கள். பெரும்பாலும் கேட்பார்கள்.

#14 மேட்டாங்காடு

பதில் தயாராக இல்லை. அப்பா பக்கத்தில் இருக்கும்போது அவள் கேட்டால், நான் சொல்கிற பதிலை அவரும் கேட்பார். அதுதான் பிரச்சினை. ஆனாலும் போகிறோம்.

#15 ஓய்வு வாத்தியார்

போய்ட்டு வாங்க தம்பி. அவர் கேட்கட்டும். அவருக்கும் யாராவது சொல்ல வேண்டுமல்லவா.

#16 கருங்கல்பாளையம்

மூன்றாவது பெஞ்சு அக்கா, அம்மாவிடம் இதையெல்லாம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? நான் என் அப்பாவிடம் அந்த வெற்றிலை விஷயத்தைத் திரும்ப எடுக்கவே இல்லை. எடுத்தால் மறுபடி விளக்குவார்.

#17 மூன்றாவது பெஞ்சு

போன கிறிஸ்மஸுக்குச் சொன்னேன். சண்டை போடத்தான் ஆரம்பித்தேன். ஆறு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லலாமா, ராத்திரி ராத்திரி உங்கள் மூக்கில் கை வைத்துப் பார்ப்பேனே, தெரியுமா என்று. அம்மா அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார், பிசைவதை நிறுத்தவில்லை.

"தெரியும். முழிச்சுட்டுத்தான் படுத்திருப்பேன்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெரிந்துமா ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள் என்றேன்.

"நான் என்னத்தச் சொல்றது. நீ டியூசன் முடிஞ்சு வர நேரமாச்சுன்னா பாஸ்டர் ஊட்டு லேண்ட்லைனுக்குப் போன் போடுவேன். அவுங்க எடுத்து அல்லோன்னு சொன்னாங்கன்னா வெச்சுருவேன்."

பாஸ்டர் வீட்டில் பல வருடமாக யாரோ போன் செய்து பேசாமல் வைக்கிறார்கள் என்று சபையில் ஜெபக் குறிப்பே கொடுத்திருக்கிறார்கள்.